முழுகாத நாளிலிருந்து: பேறுகாலக் கணக்கின் வரலாறு

கருவுற்ற பெண்ணுக்குத் தமிழ்நாட்டுச் சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் பதிவு அட்டையில், எடைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் முன்பாகவே, இரண்டு தேதிகள் எழுதப்படுகின்றன. செவிலியர்களும் தாய்மார்களும் எல்.எம்.பி., இ.டி.டி. என்றே வழங்கும் இவற்றுள் முன்னது கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளையும், பின்னது குழந்தை பிறக்கும் என்று எதிர்பார்க்கப்படும் நாளையும் குறிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் 280 நாள், அதாவது 40 வாரம். முதல் தேதியில் அந்தப் பெண் கருவுற்றிருக்கவில்லை என்பதும், கருத்தரிப்பு பெரும்பாலும் அதற்கு இரண்டு வாரங்கள் கழித்தே நிகழ்கிறது என்பதும், ஆகவே கருவின் வயதாகச் சொல்லப்படும் எண்ணில் கரு இல்லாத பதினான்கு நாளும் அடங்கியிருக்கிறது என்பதும் இக்கணக்கின் வியப்புக்குரிய இயல்பாகும். கண்ணுக்குத் தெரியாமல் உடலுக்குள் நிகழும் ஒரு தொடக்கத்தை, கண்ணுக்குத் தெரியும் ஏதேனும் ஓர் அடையாளத்தைக் கொண்டு கணிக்க வேண்டியிருந்த நீண்ட காலம் விட்டுச்சென்ற தடமே அந்தப் பதினான்கு நாள். அந்த அடையாளம் தாயின் நினைவிலிருந்து மருத்துவச்சியின் கைக்கும், நீதிமன்றத்தின் ஏட்டுக்கும், பின்னர் ஒலியலைக் கருவியின் திரைக்கும் மாறியபோதும், எண்ணிக்கை தொடங்கும் புள்ளி மட்டும் ஏன் இடம்பெயரவில்லை என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

பத்து மாதம் என்னும் எண்

தமிழ்ப் பேச்சுவழக்கில் ஒரு பெண் கருவுற்றிருப்பதை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று சொல்வதுண்டு. மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் வழக்கம் இருந்த சமூகத்தில், அந்த முழுக்கு தவறியதே கருவின் முதல் அறிகுறியாக வீட்டாருக்குப் புலப்பட்டது என்பதால், இத்தொடர் நாகரிகம் கருதிய மறைமொழியாக மட்டுமின்றி ஒரு கால அளவையாகவும் இருந்தது; எந்த மாதம் கடைசியாக முழுகினாள் என்பது தெரிந்தால் எந்த மாதம் பேறு என்பதை வீட்டு முதியவள் விரல்விட்டுச் சொல்லிவிடுவாள். அவ்வாறு எண்ணும்போது தொடங்கும் மாதத்தையும் முடியும் மாதத்தையும் சேர்த்தே எண்ணுவது வழக்கம். சித்திரை முதல் நாளில் மாதவிலக்கான பெண்ணுக்கு அந்நாளிலிருந்து 280 நாள் தை முதல் வாரத்தில் நிறைவடைகிறது. சித்திரை முதல் தை வரை விரலில் எண்ணினால் பத்து வருகிறது. தாய் சுமந்த காலத்தை ஒன்பது மாதம் என்று ஐரோப்பியரும் பத்து மாதம் என்று தமிழரும் சொல்வதில் உள்ள வேறுபாடு கருவின் காலத்தில் இல்லை, எண்ணும் முறையிலேயே இருக்கிறது. 28 நாள் கொண்ட மாதவிலக்குச் சுழற்சியை ஒரு மாதமாகக் கொண்டால் பத்துச் சுழற்சிகள் பிசகின்றி 280 நாளாகின்றன என்பதும் இங்கே கருதத்தக்கது.

கருத்தரிப்பு நாளிலிருந்தே எண்ணும் மற்றொரு கணக்கும் தமிழ் வழக்கத்தில் உண்டு. புதுமணப் பெண்ணை ஆடி மாதத்தில் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்திற்கு, ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பது பெரியோர் சொல்லும் காரணங்களுள் ஒன்று. கருத்தரிப்பிலிருந்து பேறு வரையிலான காலமாக இன்றைய மருத்துவம் கொள்ளும் 266 நாளை ஆடி முதல் நாளோடு கூட்டினால் பங்குனியின் கடைசி வாரமும், ஆடிக் கடைசி நாளோடு கூட்டினால் சித்திரையின் கடைசி வாரமும் கிடைக்கின்றன. நூலில் எழுதப்படாமல் வழக்கத்தில் பொதிந்திருந்த இக்கணிப்பு ஓரிரு வாரங்களுக்கு மேல் பிழைபடவில்லை.

பத்தாம் மாதப் பேறு என்னும் கருத்து ரிக் வேதத்திலேயே இடம்பெற்றுள்ளது. சுசுருத சங்கிதை ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மாதங்களுள் எதிலும் குழந்தை பிறக்கலாம் என்று விரிந்த எல்லையைத் தருகிறது. கிரேக்கத்தில் ஹிப்போகிராட்டிசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்தொகுதி, காலத்தை நாற்பது நாற்பது நாளாகப் பகுத்து, ஏழு நாற்பதுகள் நிறைந்த 280 நாளை முழுக் காலமாகக் கொண்டது. இன்று பதிவு அட்டையில் உள்ள எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் வேறுபாடில்லை. ஆயினும் அது பேறுகளை எண்ணிப் பார்த்துக் கண்ட சராசரியாக அங்கே முன்வைக்கப்படவில்லை, ஏழு, நாற்பது ஆகிய எண்களுக்கு அக்காலச் சிந்தனை அளித்த சிறப்பிலிருந்தே உருவாயிற்று. ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்னும் நம்பிக்கைக்கும் அத்தொகுதியில் தனி நூலே உண்டு. எட்டாம் மாதத்தில் ஓஜஸ் என்னும் உயிராற்றல் தாய்க்கும் சேய்க்கும் இடையே நிலைகொள்ளாமல் அலைவதால் அப்போது பிறக்கும் குழந்தை வாழாது என்று ஆயுர்வேதமும் கருதியது. கருவில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று இன்றைய மருத்துவம் உறுதியாக அறிந்திருந்தும், அந்த நம்பிக்கையின் எதிரொலி தமிழ்நாட்டு வீடுகளில் இன்னும் அடங்கிவிடவில்லை.

லைடனும் ஹைடல்பெர்கும்

எண்களின் சிறப்பை விட்டு விலகித் தாய்மாரின் அனுபவத்தையே சான்றாகக் கொள்ளும் போக்கு பதினேழாம் நூற்றாண்டில் தெளிவாகத் தெரிகிறது. இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி, விலங்குகளின் பிறப்பைப் பற்றி 1651இல் வெளியிட்ட நூலில் இரண்டு அளவைகளை அருகருகே வைத்தார். கன்னி மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்ன மார்ச் 25ஆம் நாள் முதல் இயேசு பிறப்பு விழாவான டிசம்பர் 25ஆம் நாள் வரையிலான காலம், அதாவது 275 நாள், ஒன்று. மாதவிலக்கு வரும் நாளைக் குறித்துவைக்கும் கவனமுள்ள குடும்பப் பெண்கள், பத்துச் சுழற்சிகள் கழிந்தபின் மாதவிலக்கு வந்திருக்க வேண்டிய நாளிலேயே பெரும்பாலும் பிரசவ வலி காண்கிறார்கள் என்னும் நடைமுறை அறிவு மற்றொன்று. திருச்சபையின் நாட்காட்டியும் பெண்களின் நினைவும் ஒரே பக்கத்தில் சந்தித்த அவ்விடத்தில், பின்னாளில் வென்றது பெண்களின் நினைவே.

அந்த நினைவை விதியாக்கியவர் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்த ஹெர்மன் பூர்ஹாவா (1668–1738). அவர் மறைந்தபின் 1744இல் அச்சான விரிவுரைகளில், பெண்கள் பெரும்பாலும் மாதவிலக்கு முடிந்தவுடனேயே கருவுறுகிறார்கள் என்றும், கடைசி மாதவிலக்கிற்குப் பின் ஒரு வாரத்தைக் கூட்டி அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேறுகள் அக்கணக்கில் அமைகின்றன என்றும் அவர் கூறியிருந்தார். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரான்ஸ் கார்ல் நேகெலே (1778–1851) இதையே, பூர்ஹாவாவின் பெயரைச் சுட்டி, தம் எழுத்துகளிலும் 1830இல் மருத்துவச்சிகளுக்காக வெளியிட்ட பாடநூலிலும் எடுத்துரைத்தார். விதியைக் கண்டவர் பூர்ஹாவாவாக இருந்தும் அதைப் பரப்பியவரின் பெயரே அதற்கு நிலைத்தது. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் அதை நேகெலே விதி என்றே படிக்கிறார்கள்.

இவ்விதியின் வலிமை அதன் எளிமையில் இருந்தது. எழுத்தறிவு குறைந்த மருத்துவச்சியும் நாட்காட்டியில் மூன்று மாதம் பின்னே சென்று ஏழு நாளைக் கூட்டிவிடலாம்: ஜூன் 10இல் மாதவிலக்கு தொடங்கியிருந்தால் மூன்று மாதம் பின்னே மார்ச் 10, ஏழு நாள் கூட்டினால் மார்ச் 17. இடைப்பட்ட நாட்களை எண்ணினால் 280 கிடைக்கிறது. மே முதல் நாளில் தொடங்கியிருந்தாலோ பேறு நாள் பிப்ரவரி 8 என்று வரும். ஆனால் அங்கே இடைப்பட்ட காலம் 283 நாள். மாதங்களின் நீளம் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால் நேரும் இந்த மூன்று நாள் வேறுபாட்டை விதி பொருட்படுத்துவதில்லை.

இதைக் காட்டிலும் பெரிய குழப்பம் வேறொன்று இருந்தது. கடைசி மாதவிலக்கிற்குப் பின் ஒரு வாரம் என்னும்போது, மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தா, கடைசி நாளிலிருந்தா என்பதைப் பூர்ஹாவாவும் நேகெலேவும் ஐயத்திற்கிடமின்றிச் சொல்லவில்லை. கடைசி நாளைக் கொண்டால் பேறு நாள் நான்கைந்து நாள் தள்ளிப்போகும். இருபதாம் நூற்றாண்டுப் பாடநூல்கள், சிறப்பாக அமெரிக்கப் பாடநூல்கள், முதல் நாளைக் கொண்டதால் அதுவே நடைமுறையாகி உலகமெங்கும் பரவியது. எழும்பூரில் 1844இல் தொடங்கப்பட்ட மகப்பேறு மருத்துவமனையைச் சூழ்ந்து வளர்ந்த சென்னையின் மகப்பேற்றியல் கல்வியும், அம்மரபில் வந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1938இல் வெளியிட்டுப் பின்னர் கிருஷ்ண மேனனின் பெயரையும் தாங்கிய மகப்பேற்றியல் பாடநூலும் தமிழ்நாட்டு மருத்துவர் பல தலைமுறையினரை உருவாக்கின. மேற்கில் நிலைபெற்ற கணக்கு இத்தகைய பாடநூல்களின் வழியே தமிழ்நாட்டுப் பேறுகால அட்டைகளுக்கு வந்து சேர்ந்தது.

நீதிமன்றம் எண்ணிய நாட்கள்

பேறு நாளைக் கணிக்க வேண்டிய கட்டாயம் மருத்துவத்திற்கு முன்பே சட்டத்திற்கு ஏற்பட்டது. கணவன் இறந்தபின்போ பிரிந்தபின்போ பிறந்த குழந்தைக்குச் சொத்தில் உரிமை உண்டா என்பது அக்கணக்கையே சார்ந்திருந்தது. ரோமானியரின் பழஞ்சட்டம் பத்து மாதத்தை எல்லையாகக் கொண்டதாகவும், பதினோராம் மாதத்தில் பிறந்த குழந்தை ஒன்றை, தாயின் நல்லொழுக்கத்தைக் கருதிப் பேரரசன் ஹேட்ரியன் ஏற்றதாகவும் இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் குறித்துள்ளார். எல்லையை வகுத்த சட்டமே அதற்கு விலக்கும் அளித்த முதல் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

இங்கிலாந்தில் 1825இல் பிரபுக்கள் அவை விசாரித்த கார்ட்னர் வழக்கு இச்சிக்கலை மிக நெருங்கிக் காட்டுகிறது. கடற்படைக் கேப்டன் ஆலன் ஹைட் கார்ட்னர் 1802 ஜனவரி 30இல் மனைவியைப் பிரிந்து கப்பலேறி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று ஜூலை மாதம் திரும்பினார். மனைவி டிசம்பர் 8இல் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். கணவர் புறப்பட்டதற்கு முன் கருவுற்றிருந்தால் கருக்காலம் ஏறத்தாழ 311 நாள். திரும்பியபின் கருவுற்றிருந்தால் ஐந்து மாதத்திற்கும் குறைவு. இரண்டாவது இயலாதது என்பதில் ஐயமில்லை. முதலாவது இயலுமா என்று கேட்டபோது, சாட்சி சொன்ன மகப்பேற்று வல்லுநர்கள் இரு பிரிவாகப் பிரிந்து, ஒரு சாரார் 280 நாளை இயற்கை மீறுவதில்லை என்றும், மற்றொரு சாரார் தாங்களே அதனினும் நீண்ட பேறுகளைக் கண்டதுண்டு என்றும் வாதிட்டனர். மருத்துவம் ஒரு குரலில் பேசாத நிலையில், மனைவிக்கு வேறொருவருடன் இருந்த தொடர்பைப் பற்றிய சாட்சியங்களின் துணையோடு அவை அக்குழந்தையின் வழி வந்த உரிமையை மறுத்தது.

இத்தகைய வழக்குகளைத் தவிர்ப்பதற்காகவே நாட்டுக்கு நாடு சட்டங்கள் எண்களை முன்கூட்டியே வகுத்தன. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் மணவாழ்க்கை முடிந்து 300 நாள் வரையும், 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் குடிமைச் சட்டம் 302 நாள் வரையும் இடமளித்தன. இந்தியச் சாட்சியச் சட்டம், 1872 தன் 112ஆம் பிரிவில் 280 நாளை எடுத்துக்கொண்டது: மணவாழ்க்கை முடிந்து 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்யாதிருக்கும்போது பிறக்கும் குழந்தை, கணவனும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, அக்கணவனுக்கே உரியது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் அதே எண் அதே பிரிவில் இடம்பெற்றது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவிலும் அது மாறவில்லை. மாதவிலக்கிலிருந்து எண்ணிப் பெற்ற 280ஐச் சட்டம் மணமுறிவு நாளிலிருந்து எண்ணுவதால், குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு வாரச் சலுகை கிடைக்கிறது. ஆயினும் பிரெஞ்சுச் சட்டம் அளித்த சலுகையோடு ஒப்பிட அது சிறியதே.

சட்டம் கருதிய மற்றோர் அடையாளம் குழந்தையின் அசைவு. தாய் முதன்முதலாக வயிற்றில் துடிப்பை உணரும் அந்நிலை பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில் நேர்வது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கருச்சிதைவுக் குற்றத்திற்கான தண்டனையை, தாய் அந்த அசைவை உணரும் நிலையை அடைந்திருந்தால் கூட்டியது. கருக்கலைப்பை முறைப்படுத்திய 1971ஆம் ஆண்டுச் சட்டமோ அசைவை விட்டுவிட்டு வாரங்களை எண்ணி, 20 வாரத்தை எல்லையாக்கியது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில பிரிவினருக்கு அதை 24 வாரமாக நீட்டியது. தாய் மட்டுமே அறியக்கூடிய ஓர் உணர்வின் இடத்தை மருத்துவர் எழுதும் ஓர் எண் பிடித்துக்கொண்டதையே இம்மாற்றம் காட்டுகிறது.

கையும் நாடாவும்

மாதவிலக்கு நாளை மறந்த பெண்ணுக்கும், பால்கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராமலே மீண்டும் கருவுற்ற பெண்ணுக்கும் விதியால் பயனில்லை. அத்தகைய இடங்களில் மருத்துவச்சியின் கை நாட்காட்டியானது. கருப்பையின் மேல்விளிம்பு ஏறத்தாழ 12 வாரத்தில் இடுப்பெலும்பின் முன்மூட்டுக்கு மேல் தட்டுப்படும். 20 வாரத்தையொட்டித் தொப்புளை எட்டும். 36 வாரத்தில் நெஞ்செலும்பின் நுனிக்கு ஏறும். அதன்பின் குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்குவதால் மேல்விளிம்பும் சற்றுத் தாழ்கிறது. 'வயிறு இறங்கிவிட்டது' என்று ஊர்ப்பெண்கள் சொல்வது இந்த நிலையையே. 1906இல் எல்லிஸ் மெக்டொனால்டு என்னும் மருத்துவர், விரற்கடையால் அளந்துவந்த இந்த உயரத்தை நாடாவால் அளக்கும் முறையை வகுத்தார். கருக்காலத்தின் நடுப்பகுதியில் சென்டிமீட்டர் எண்ணிக்கையும் வார எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைவதால், இன்றும் கிராமச் சுகாதாரச் செவிலியரின் பையில் அளவு நாடா இடம்பெறுகிறது.

இதற்கிடையே விதியின் அடித்தளம் சரிந்தது. மாதவிலக்கு முடிந்தவுடன் கரு உண்டாகிறது என்னும் கருத்தின்மேல் பூர்ஹாவா தம் கணக்கைக் கட்டியிருந்தார். 1924இல் ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஓகினோவும், சில ஆண்டுகளில் அவரை அறியாமலே ஆஸ்திரிய மருத்துவர் ஹெர்மன் க்னாவுசும், முட்டை வெளிப்படும் நாள் அடுத்த மாதவிலக்கிற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்னர் அமைகிறது என்று நிறுவினர். அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணும் இக்கண்டுபிடிப்பின்படி, 28 நாள் சுழற்சியுடைய பெண்ணுக்குப் பதினான்காம் நாளில் நிகழ்வது 35 நாள் சுழற்சியுடையவளுக்கு இருபத்தோராம் நாளில் நிகழ்கிறது. இருவருக்கும் ஒரே விதியைப் பொருத்தினால் இரண்டாமவளின் பேறு நாள் ஒரு வாரம் முந்திவிடும். காரணம் பிழையென்று தெரிந்தபின்னும் விதி கைவிடப்படவில்லை. மருத்துவர் கேட்டுப் பெறக்கூடிய தேதி மாதவிலக்கின் தேதி ஒன்றே என்னும் நிலை அப்போதும் நீடித்ததே அதற்குக் காரணம்.

மில்லிமீட்டரால் அளந்த காலம்

அந்நிலை மாறியது கப்பல் கட்டும் நகரமான கிளாஸ்கோவில். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றி ராடாரை அறிந்திருந்த மகப்பேற்றியல் பேராசிரியர் இயன் டொனால்டு, கொதிகலன்களின் உலோகத்தில் உள்ள விரிசலைக் கேளா ஒலியால் கண்டறியும் கருவி மனித உடலுக்கும் பயன்படுமா என்று ஆராய விரும்பினார். 1955 ஜூலையில், அறுவையில் அகற்றிய கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு அருகிலுள்ள ரென்ஃப்ரூவின் கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்று, ஒப்பிடுவதற்காக வைத்த மாட்டிறைச்சித் துண்டோடு சேர்த்து அவற்றை அக்கருவியால் சோதித்தார். திண்மையான கட்டிக்கும் நீர் நிறைந்த கட்டிக்கும் எதிரொலி வேறுபடுவது தெளிவாகத் தெரிந்தது. பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மேக்விகார் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958 ஜூனில் 'லான்செட்' இதழில் வெளிவந்தது.

கருவைக் காண்பதிலிருந்து அதன் வயதை அளப்பதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. ஸ்டூவர்ட் கேம்பல் 1960களின் இறுதியில் குழந்தையின் தலை அகலத்தை அளந்து வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். ஹியூ ராபின்சன் 1973இல், தலையுச்சியிலிருந்து பிட்டம் வரையிலான நீளத்தை முதல் மூன்று மாதத்தில் அளக்கும் முறையைத் தந்தார். இம்முறையின் நுட்பம் கருவின் வளர்ச்சியிலேயே உள்ளது: 7 வாரத்தில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டராக உள்ள கரு 12 வாரத்தில் 5 சென்டிமீட்டரைக் கடந்துவிடுவதால், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்கிறது, தாயின் உயரமோ குலமோ உணவோ கருவின் அளவை வேறுபடுத்தும் காலம் அப்போது இன்னும் வரவில்லை. ஆகவே ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு நாள். ஒரே அளவீட்டால் ஐந்து நாளுக்குட்பட்ட பிழையோடு வயதைச் சொல்ல இயன்றது. கருக்காலத்தின் இறுதியிலோ குழந்தைகள் உருவில் வேறுபட்டுவிடுவதால் பிழை மூன்று வாரம் வரை விரிகிறது. முதல் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

பிற்கால அளவீடுகளுக்கு உலகெங்கும் வழங்கிவந்தது, அமெரிக்காவின் டெக்சாஸில் 1980களில் ஃபிராங்க் ஹாட்லாக் அங்குள்ள பெண்களை அளந்து உருவாக்கிய சூத்திரம். இந்தியக் குழந்தைகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்னும் கேள்வியிலிருந்து, சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரீதாபாத்தில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனமும் இணைந்து, குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த தாய்மாரின் அளவீடுகளைக் கொண்டு, கர்பிணி என்று பெயரிட்ட மாற்றுச் சூத்திரத்தை 2024இல் வெளியிட்டன.

அளவை நுண்மையாக ஆக, 280 என்னும் எண் சராசரியாகவும் நிலைக்கவில்லை. அமெரிக்காவில் 1990இல் வெளியான ஓர் ஆய்வு, சிக்கலற்ற முதல் பேறுகளின் இடைநிலைக் காலத்தை 288 நாளாகவும், பிந்திய பேறுகளுடையதை 283 நாளாகவும் கண்டது. முட்டை வெளிப்பட்ட நாளை ஹார்மோன் சோதனையால் அறிந்து 125 பேறுகளைப் பின்தொடர்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், தொடக்க நாள் உறுதியாகத் தெரிந்தும், குறைமாதப் பேறுகளை நீக்கியபின்னும், ஒரு பேற்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஐந்து வாரத்திற்கு மேலான வேறுபாடு இருந்தது. குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்து மட்டுமே. இதை உணர்ந்தே உலகச் சுகாதார நிறுவனம் ஒற்றை நாளை விட்டு ஓர் இடைவெளியை வகுத்தது: 37 வாரம் நிறையும் முன் பிறந்தது குறைமாதம், 42 வாரம் நிறைந்தபின் பிறந்தது கடந்த மாதம், இடைப்பட்டது நிறைமாதம். தமிழில் நிறைமாதம் என்னும் சொல் ஒரு தேதியைக் குறிக்காமல் ஒரு நிலையைக் குறிப்பது இந்த வரையறைக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

ஆயினும் தொடக்கப் புள்ளி நகரவில்லை. ராபின்சன் தம் அளவுகளை, மாதவிலக்கு நாள் உறுதியாகத் தெரிந்த பெண்களின் கணக்கோடு பொருத்தியே வரைபடமாக்கினார். அதனால் ஸ்கேன் கருவி கருவை நேராக அளந்தபின்னும், கரு இல்லாத அந்த இரண்டு வாரத்தைக் கூட்டியே வயதை அச்சிடுகிறது. இதன் உச்சம் செயற்கைக் கருத்தரிப்பில் காணப்படுகிறது. அங்கே முட்டையும் விந்தும் சேர்ந்த நாள் ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஹிப்போகிராட்டிசும் ஹார்வியும் நேகெலேவும் அறிய முடியாதிருந்த அந்த நாள் முதன்முறையாக ஐயமின்றித் தெரிகிறது. ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைத்த நாளோடு 261ஐக் கூட்டினால் பேறு நாள் கிடைத்துவிடும். ஆனால் பதிவு அட்டையில் அதற்கான கட்டம் இல்லை. ஆகவே மருத்துவர் கருத்தரித்த நாளிலிருந்து பதினான்கு நாள் பின்னோக்கி எண்ணி, பல வேளைகளில் அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கே வந்திராத ஒரு தேதியை, எல்.எம்.பி. என்னும் முதல் கட்டத்தில் எழுதுகிறார்.